வெள்ளிக்கிழமை வந்த மீன்

விமலேஸ்வரி அன்ரியின் வீட்டில் வெள்ளிக்கிழமை மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் கிடையாது. வியாழன் இரவே மீன் சமைக்கிற சட்டிகளைக் கழுவிக் கொட்டிலில் கவிழ்த்துவிடுவார். காலையில் முழுகி, திருநீறு பூசிக்கொண்டு சமைக்கக் குசினிக்குள் போகிறவரைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும். உருத்திரபுரத்தில் வாய்க்காலோரம் இருக்கும் அந்த வீட்டில்தான் பல்கலைக்கழகத்தின் முதல் வருடம் முழுவதும் வாடகைக்கு இருந்தேன். அன்ரி கதைப்பதே குறைவு. கதைத்தாலும் அதட்டுவது போலிருக்கும். "சாப்பிட்டனியோ?" என்று கேட்டால்கூட ஏதோ களவு பிடித்துவிட்டார் என்றுதான் தோன்றும். இப்படி ஒரு மனுசியிடம் வந்து மாட்டிக்கொண்டேனே என்று ஆரம்பத்தில் நொந்துபோனேன்.

நான் அளம்பில் கடற்கரைப் பிள்ளை. அப்பா யாக்கோப்பு கடலுக்குப் போகிறவர். எனக்குப் பொறியியல் கிடைத்தபோது ஊர்ப் பெடியள் கோயிலடிச் சந்தியில் என் படம் போட்டுப் பெரிய பனர் கட்டினார்கள். பனரில் சிரித்துக்கொண்டிருந்தவளுக்கு வகுப்பில் அழுகைதான் வந்தது. உயர்தரம்வரை தமிழில் படித்தவள் நான். இங்கே விரிவுரை எல்லாம் ஆங்கிலம். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது மாதிரி இருந்தது. என்னைச் சுற்றி எல்லாரும் தலையாட்டினார்கள், விறுவிறென்று எழுதினார்கள். அதிலும் முன்வரிசை டினோஜன் தலையாட்டுகிற ஆட்டத்தைப் பார்த்தால் விரிவுரையாளரே அவனிடம் சந்தேகம் கேட்பார் போலிருக்கும். நான்தான் மொக்கு என்று முடிவு கட்டினேன். ஆரிடமும் வாய் திறக்கவில்லை. கடைசியில் அப்பாவுக்குப் போன் எடுத்தேன்.

"அப்பா, எனக்கு இது சரிவராது. வந்து கூட்டிக்கொண்டு போங்கோ."

அவர் ஏன், எதற்கு என்று ஒன்றும் கேட்கவில்லை. "சரி பிள்ளை, வாறன்," என்றார். அந்தப் பனரைக் கழற்றப் போகிறவரும் அவர்தான்.

அப்பா மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். பின்னால் ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டி. பிள்ளையை வைத்துப் பார்த்த வீட்டுக்கு வெறுங்கையோடு போகலாமா என்று, விடியற்காலை பிடித்த விளைமீனையும் நண்டையும் அள்ளிக்கொண்டு வந்திருந்தார். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. கத்தோலிக்கரான எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை என்றால் இறைச்சிதான் இல்லை, மீன் உண்டு. அப்பாவுக்கு வேறு வெள்ளிக்கிழமை தெரியாது. நான் தடுப்பதற்குள் பெட்டியை வாசற்படியில் வைத்து மூடியைத் திறந்துவிட்டார்.

திருநீற்று நெற்றியோடு அன்ரி வந்து நின்றார். நாற்றம் அவரைத் தாண்டி வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. என் முகத்தைப் பார்த்ததும் அப்பாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"ஐயோ தங்கச்சி, குறை நினைக்காதேங்கோ. நான் உடனை கொண்டு போறன்." அவசரத்தில் மூடியைத் தலைகீழாகப் போட்டார்.

"வையுங்கோ அண்ணை," என்றார் அன்ரி. "மாத்தளன் கரையிலை நாங்கள் கடைசிச் சண்டைக்குள்ளை கிடக்கேக்கை, ஆரெண்டே தெரியாத ஒரு கடற்கரை மனுசன் என்ரை பிள்ளையளுக்கு மீன் தந்தவர். நானும் திண்டனான். அண்டைக்கும் வெள்ளிக்கிழமைதான்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அன்ரி வேலியோரம் மூன்று கல்லை வைத்து அடுப்பாக்கி, கொட்டிலில் கிடந்த சட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். சமைத்தது அப்பா. தேங்காய்ப்பாலும் புளியும் குசினி வாசலில் நின்றபடி அன்ரி நீட்டினார். அடுப்பு இருந்த பக்கம் அவர் வரவேயில்லை. ஆனால் அங்கிருந்தே, "தூள் காணாது அண்ணை, இன்னும் போடுங்கோ!" என்று அதட்டினார்.

மோட்டார் சைக்கிளில் பெட்டி இருந்த இடத்தில் நான் என் உடுப்புப் பையைக் கட்டினேன். சாப்பிட்டதும் புறப்படுவது என்பதுதான் கதை.

அவ்வளவு மீனை ஆர் தின்கிறது? அன்ரியின் பிரிஜ்ஜுக்குள் வைக்க வழியில்லை. அவரே வேலிக்கு மேலால் எட்டி, பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்த பல்கலைக்கழகப் பெடியளைக் கூப்பிட்டார். பசித்த பெடியளுக்கு நாளும் இல்லை கிழமையும் இல்லை. டினோஜன்தான் முதலில் வந்தான்.

"படிப்பு எப்பிடித் தம்பி போகுது?" என்று அப்பா அவனுக்குச் சோறு போட்டபடி கேட்டார்.

"எங்கை அங்கிள்! சேர் கதைப்பார், நாங்கள் தலையாட்டுவம். ஒரு கோதாரியும் விளங்கிறேல்லை."

நான் நண்டுக் காலைக் கீழே போட்டுவிட்டேன். "பொய் சொல்லாதை. நீ எழுதிக்கொண்டெல்லோ இருப்பாய்?"

"போர்ட்டிலை இருக்கிறதைப் பார்த்துக் கீறுறன். நீ பேசாமல் இருக்கிறதைப் பார்த்து உனக்கு எல்லாம் விளங்குதாக்கும் எண்டெல்லோ நான் நினைச்சனான்!"

மற்றப் பெடியளும் தங்கள் தங்கள் வண்டவாளத்தைச் சொல்லத் தொடங்கினார்கள். சிரித்துச் சிரித்து எனக்குப் புரைக்கேறியது. அத்தனை நாளும் நான் தனியே சுமந்த பாரம், எல்லார் தலையிலும் இருந்த பாரம்தான். பின்னேரங்களில் சேர்ந்திருந்து படிப்போம், ஆருக்கு எது விளங்கியதோ அதை மற்றவர்களுக்குச் சொல்வோம் என்று சோற்றுக் கோப்பையோடே முடிவாயிற்று. "என்ரை விறாந்தையிலை இருந்து படியுங்கோ. கத்தாதேங்கோ," என்று வாசலிலிருந்து உத்தரவு வந்தது.

வெயில் தணிந்ததும் அப்பா எழும்பினார். நானும் போனேன். மோட்டார் சைக்கிளில் பையைக் காணவில்லை.

"அது வெயிலுக்கை கிடந்தது," என்றார் அன்ரி. "உள்ளை வைச்சிட்டன்."

அப்பா என்னைப் பார்த்தார். "எடுத்துக்கொண்டு வாறியோ பிள்ளை?"

"வேண்டாமப்பா. பெட்டியை மட்டும் கொண்டு போங்கோ."

அவர் பெட்டியைக் கட்டக் கட்டக் கயிறு நழுவியது. கண் நிறைந்திருந்தால் முடிச்சு எப்படித் தெரியும்? கேள்வி கேட்காமல் வந்த அந்த மனுசனுக்கும், ஒரு புத்தியும் சொல்லாமல் என் பையை எடுத்து உள்ளே வைத்த இந்த மனுசிக்கும் நான் என்ன கைம்மாறு செய்யப்போகிறேன்? இப்போது இரண்டாம் வருடம் படிக்கிறேன். இன்னும் தெரியவில்லை.

அப்பா மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணியதும் அன்ரி படலைவரை வந்தார்.

"அடுத்தமுறை சனிக்கிழமையாப் பார்த்து வாங்கோ அண்ணை," என்று அதட்டினார். "நானும் சாப்பிட வேணும்."