ஐந்துக்கு ஒரு வெற்று வரி

தங்கை குருவி வென்றவற்றை அண்ணன் யாரிடம் சொன்னாலும் வரிசை மாறாது. ஒரு காது கேட்காமலேயே பள்ளியை முடித்தாள். கணக்கில் இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை தொண்ணூற்றொன்று வாங்கினாள். பிறர் தூக்கிப் போட்ட மூன்று கணினிகளைப் பிரித்து, ஒன்றாக்கி, அதில் கற்றுக்கொண்டாள். அறுபத்துமூன்று பேர் முட்டி மோதிய நகர நூலக வேலையைப் பிடித்தாள். அண்ணன் எட்டாவதோடு நின்றவர். பஸ் பணிமனையில் உதிரிபாகக் கிடங்கைப் பார்த்துக்கொள்பவர். தங்கையைப் பற்றிய பெருமையில்கூட அவர் ஒரு எண்ணைக் கூட்டிச் சொன்னதில்லை.

நூலகத்தின் நாற்பது கணினிகளும் குருவியின் பொறுப்பு. அவற்றுக்கு அடிக்கடி புதிய மென்பொருள்கள் வரும். சில வந்தால் பிரிண்டர் மக்கர் செய்யும்; சில வந்தால் திரை இருண்டுவிடும். அப்படித் தொல்லை தருபவற்றின் பெயர்களை எழுதி வைத்ததுதான் தடைப்பட்டியல். வருகிற ஒவ்வொன்றையும் பட்டியலோடு ஒப்பிட்டு, பெயர் இருந்தால் வாசலிலேயே நிறுத்த ஸ்கிரிப்ட் என்னும் ஒரு சின்ன நிரலை எழுதினாள். முதன்முதலில் எழுதியது ஒரு காலை முழுக்க நாற்பதையும் முடக்கிப் போட்டது. "இது யார் கைவேலை?" என்று வாசகர்கள் முன்னால் மேலாளர் கேட்டுவிட்டார். அன்றிலிருந்து அவள் எழுதும் எதிலும் தன் பெயரைப் போடுவதில்லை. 'கணினிப் பிரிவு' என்று போட்டுவிடுவாள். அந்தப் பிரிவில் இருந்தது அவள் ஒருத்திதான்.

அதைத் திருத்தி, சீராக்கி, ஓராண்டு ஓட்டிய பிறகு வேறு பதினொரு நூலகங்கள் கேட்டன. வியாழக்கிழமை அனுப்ப வேண்டும். இன்னொரு முறை சறுக்கினால் இனி இதைத் தொடவே மாட்டேன் என்று வீட்டில் சொல்லிவிட்டாள். அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிறு மதியம் அவரை மேசைக்கு இழுத்தாள்.

"நானே கேள்வி எழுதி, நானே பதில் எழுதி, நானே பாஸ் போட்டுக்கிறேன்ணா. கம்ப்யூட்டர் தெரியாத ஆள் ஒருத்தர் பட்டியலை அடிச்சுப் பார்க்கணும்."

"அதுக்கு என்னை விட்டா வேற ஆளே கிடையாது. நகரு."

ஒற்றை விரலால் இருபத்துமூன்று பெயர்களை அடித்தார். ஒவ்வொன்றையும் தாளோடு இரண்டு முறை ஒத்துப் பார்த்தார். குருவி ஓட்டினாள். அன்று வந்திருந்த இருநூற்றுப் பதினாறு மென்பொருள்களில் இருநூற்றுப் பதினாறும் வாசலில் நின்றன.

"என்னண்ணா அடிச்சே? ஒண்ணைக்கூட உள்ள விடமாட்டேங்குது!"

"நான் எழுத்துப்பிழை விடுற ஆளா? வா, ஒத்துப் பாரு."

ஒரு பிழையும் இல்லை. ஆனால் குருவியின் கண் வேறோரிடத்தில் நின்றது.

"நடுநடுவே ஏன் காலியா விட்டிருக்கே?"

"அஞ்சு பேருக்கு ஒரு வரி விடலைன்னா கண்ணு தாவிடும்ல? இருபத்திரெண்டு வருஷமா கிடங்குல அப்படித்தான் எழுதுறேன்."

வெற்று வரிகளை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினாள். ஒன்பது மட்டும் நின்றன. மற்றவை உள்ளே போயின. அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"ஒண்ணுமே எழுதாத வரி எல்லாப் பேரோடயும் ஒத்துப் போயிடுதுண்ணா!"

"எங்க பணிமனை மேனேஜர் மாதிரின்னு சொல்லு."

சிரித்து முடிக்கச் சற்று நேரம் பிடித்தது. பதினொரு ஊரில் எவராவது ஒருவர் ஒரு வரியைக் காலியாக விட்டிருந்தால், முக்கியமான மென்பொருள் திருத்தங்கள்கூடச் சத்தமில்லாமல் நின்றுபோயிருக்கும். வெற்று வரிகளைத் தாண்டிப் போகும்படி ஸ்கிரிப்டைத் திருத்தினாள். இனி இந்தத் தவறு திரும்பாதபடி ஒரு சோதனையும் எழுதி, அதற்கு 'அண்ணன் வரி' என்று பெயர் வைத்தாள். அண்ணனுக்குக் காது வரை சிவந்தது.

வியாழன் காலை, வேலைக்குக் கிளம்பும் முன் அவர் திரையை எட்டிப் பார்த்தார். எழுதியவர்: கணினிப் பிரிவு.

"சோதனைக்கு என்னைப் போட்டிருக்கே. உன்னை எங்கடி காணோம்?"

"தப்பு வந்தா?"

"வரும். வந்தா யாரைக் கேட்கணும்னு அவங்களுக்குத் தெரிய வேணாமா? சரிபார்த்தவங்க கையெழுத்து இல்லாம ஒரு போல்ட்டைக்கூட நான் வெளிய விடுறதில்ல. கணினிப் பிரிவுக்குப் போன் பண்ணா எடுக்கப் போறதும் நீதானே?"

குருவி அந்த இரண்டு சொற்களையும் அழித்து, தன் முழுப்பெயரை ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். அண்ணன் குனிந்து, இரண்டு முறை ஒத்துப் பார்த்தார். அதற்கடுத்த வரியில் அனுப்பும் தேதி இருந்தது: 2022 மார்ச் 17.