இறுகப் பிடித்த ஒட்டு

பக்கவாதத்தில் விழுந்த கணவர் எழுந்துவிட்டார்; அவருடைய வலது கை மட்டும் எழுந்திருக்கவில்லை. படகு கட்டிப் பிழைத்த கை அது! பட்டறையில் பாதியில் நின்ற சின்னப் படகைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். தையல்காரியான அவர் மனைவிக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருக்கும்.

"அப்படியே வித்துடலாம். வாங்க ஆள் இருக்கு" என்றார் ஒருநாள்.

"விளிம்பு மட்டும்தானே பாக்கி? நீங்க சொல்லுங்க, நான் செய்யறேன்."

"ஏன், படகுக்கு ஜாக்கெட் தைக்கப் போறியா?"

"அளவு கொடுங்க மேஸ்திரி, அதையும் தைச்சுடறேன்."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக அவள் மலையையே சீவியிருப்பாள்.

விளிம்பைச் சுற்றி அடிக்கப் படகின் நீளத்துக்கு ஒரே கட்டை கிடைக்காது. ரீப்பர் என்னும் மெல்லிய மரச் சட்டங்கள் இரண்டின் முனைகளை நீளச் சாய்வாகச் சீவி, ஒன்றன்மேல் ஒன்றை வைத்து ஒட்ட வேண்டும். அவர் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல அவள் இழைத்தாள். சாய்வுகள் அழகாகப் பொருந்தின. பசை தடவியதும் அவர் படுக்கப் போய்விட்டார். ஒட்டை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பை அவள் மூச்சைப் பிடித்து முறுக்கினாள். தளர்ந்த தையல் அவள் தொழிலில் அவமானம். வழிந்த பசையைத் துணியால் துடைத்துவிட்டுப் பெருமையோடு தூங்கினாள்.

மறுநாள் படகின் வயிற்றோடு சேர்த்து வளைத்தார்கள். படீர்! ரீப்பர் ஒட்டிய இடத்திலேயே விட்டுவிட்டது.

அவர் உடைந்த முனையைத் தடவிப் பார்த்தார். வறண்டு கிடந்தது.

"பசை எங்க?"

"வழிஞ்சுது. துடைச்சுட்டேன்."

"அத்தனையும் பிழிஞ்சு எடுத்துட்டியே! நடுவுல பசை நிக்க இடம் வேணாமா?" பிறகு குரல் இறங்கியது. "விடு. நாளன்னிக்கு அந்த ஆளை வரச் சொல்றேன்."

அவளுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

"உங்க கையில எதுவுமே உடைஞ்சதில்லையா?"

"எண்ணினதில்ல."

"அப்போ எனக்கு இன்னும் ஒரே ஒரு தடவை. உடைஞ்சா நானே வித்துட்டு வரேன்."

ரீப்பர்கள் தேவைக்கு மேல் நீளமாக இருந்தது நல்லதாயிற்று. முனைகளைப் புதிதாகச் சீவினாள். சீவிய மரம் பசையைக் குடித்துவிடும் என்று அவர் சொன்னபடி, முதலில் மெல்லப் பூசி ஊறவிட்டு, பிறகு கெட்டியாகப் பூசினாள். கிளாம்பைத் திருகும்போது அவருடைய இடது கை அவள் கைமேல் வந்து உட்கார்ந்தது.

"போதும்."

"இன்னும் கொஞ்சங்க..."

"போதும்கறேன்ல!"

ஓரத்தில் பசை மெல்லிய கோடாக எட்டிப் பார்த்தது. அவள் கையை எடுத்தாள். இத்தனை மாதமாக இவரைத் தண்ணீர் டம்ளரைக்கூடத் தொடவிடாமல் வாயில் ஊட்டியிருக்கிறோமே; பிழிந்தது பசையை மட்டும்தானா?

அடுத்த நாள் ஒரு முனையை அவள் பிடித்துக்கொண்டாள். மறுமுனையை அவர் இடுப்பால் படகோடு அழுத்தினார். ரீப்பர் முனகியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். முனகல் நின்றது. வேறு சத்தமே இல்லை. கண் திறந்தபோது, விளிம்பு படகின் வயிற்றைத் தழுவிக் கிடந்தது.

அவர் ஒட்டின்மேல் விரலை ஓட்டினார். "அந்தப் பக்கத்து ஒட்டு இதுக்கு நேரா வரக்கூடாது. கொஞ்சம் தள்ளி வரணும்."

"வாங்கற ஆள் நாளைக்கு வர்றாரே?"

"வந்தா வேடிக்கை பாக்கட்டும். நீ அந்த ரீப்பரை எடு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு எடுக்கப் போனவள் சட்டென்று நின்றாள்.

"அந்த முனையை நீங்க தூக்குங்க" என்றாள்.