நாக்குக்கு அடியில் பத்து நிமிடம்

பிறந்ததும் எல்லாக் குழந்தையும் அழும். வானொலி என்று ஊர் பெயர் வைத்தவள் மட்டும் அழவில்லை, பிரசவம் பார்த்தவளிடம் மணி என்ன என்று விசாரித்தாள். பள்ளிக்கூடத்தில் அவள் வாயை மூடவைக்க ஏழு டீச்சர்கள் முயன்றார்கள். அதில் மூன்று பேர் வேலையை விட்டுவிட்டுத் தையல் கற்றுக்கொள்ளப் போனார்கள். இப்படிப்பட்டவளுக்கு நர்ஸ் வேலை கிடைத்ததில் வியப்பில்லை. கிடைத்த வேலை, வாயைத் திறக்கக் கூடாதவர்களுக்குக் காவல் இருப்பது என்பதுதான் வேடிக்கை.

அவள் வேலை பார்த்தது மாடியில் ஒரு சின்ன மருத்துவமனை. காய்ச்சல், சர்க்கரை, காதுவலி, எல்லாவற்றுக்கும் ஒரே பெஞ்சு, ஒரே டாக்டரம்மா. வலி மாத்திரைக்கு அடிமையாகி மீள முடியாதவர்களுக்கும் அதே பெஞ்சுதான். தனி வாசல் வைத்தால் அந்த வாசலுக்கே யாரும் வரமாட்டார்கள் என்பது டாக்டரம்மாவின் கட்சி. அவர்களுக்குத் தருவது ஒரு குட்டி மாத்திரை. விழுங்கினால் பெரிதாக வேலை செய்யாது. நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு, பேசாமல், எச்சில் விழுங்காமல், கரையும்வரை உட்கார வேண்டும். பத்து நிமிடம் ஆகும். முதல் சில நாட்கள் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். அந்த ஒருவர் வானொலி.

லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும் லிஃப்ட்காரர் வந்தது மூன்றாவது தடவையாக. ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு போனதில் தொடங்கிய மாத்திரை, இரண்டு வருடத்தில் அவரையே விழுங்கியிருந்தது. முதல் தடவை பெஞ்சிலிருந்தே கம்பி நீட்டிவிட்டார். இரண்டாவது தடவை நாலாவது நிமிடத்தில் மருந்தை வாஷ்பேசினில் துப்பிவிட்டு ஓட்டம்.

டாக்டரம்மா வானொலியைத் திரைக்குப் பின்னால் இழுத்துச் சொன்னார். "இப்ப அவர் வாங்குறது மருந்துக்கடை மாத்திரை இல்ல. அதுல என்ன கலந்திருக்குன்னு விக்கிறவனுக்கே தெரியாது. இந்தத் தடவையும் ஓடினா, அடுத்த தடவை வர்றதுக்கு ஆள் இருக்கணும். எப்படியாவது உக்கார வை."

லிஃப்ட்காரர் மூக்கு ஒழுக, ரோமம் சிலிர்க்க, கொட்டாவி விட்டபடி உட்கார்ந்திருந்தார். பழைய மாத்திரையை நிறுத்தி ஒரு நாள் ஆகியிருந்தது. வானொலி மருந்தை வைத்தாள், நேரம் குறித்தாள். மூன்றாவது நிமிடமே அவர் கண் கதவுப் பக்கம் போனது.

"ஏன் அண்ணே, லிஃப்ட் கயிறு அறுந்து விழுந்தா, தரையில மோதுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு குதி குதிச்சாப் போதுமாமே? எங்க சித்தப்பா அப்படித்தான் தப்பிச்சார்."

கதவிலிருந்து கண் திரும்பியது. அவர் தலையைப் பலமாக ஆட்டினார்.

"அதுவும் கையில குடை இருந்துச்சு. அதனால பதமா இறங்கிட்டார். சட்டைகூடக் கசங்கல."

லிஃப்ட்காரர் தரையை உதைத்தார். நெஞ்சில் அடித்துக்கொண்டார். ஆனால் வாய் திறக்க முடியாதே. மீதி நேரமும் பொங்கிய பால் மாதிரி உட்கார்ந்திருந்து, கரைந்ததும் வழிந்தார்.

"ஒரு கயிறு இல்லம்மா, ஆறு கயிறு. ஆறும் அறுந்தாலும் பிரேக்கு போய் ரெயில, அதான் ரெண்டு பக்கமும் நிக்கிற இரும்புத் தண்டவாளத்த, கடிச்சுக்கும். குடையாம், இறங்கினாராம். யார் அந்தச் சித்தப்பா? நாளைக்குக் கூட்டிட்டு வாங்க, பேசிக்கிறேன்."

திரைக்குப் பின்னால் டாக்டரம்மா 'நாளைக்கு' என்ற சொல்லைக் கேட்டு, கையில் இருந்த ரத்த அழுத்தக் கருவியை இரண்டு தடவை சும்மா அமுக்கினார்.

மறுநாளிலிருந்து சித்தப்பா வளர்ந்தார். லிஃப்டுக்குள் கட்டில் போட்டுக் குடித்தனம் நடத்தினார். லிஃப்டைப் பக்கவாட்டில் ஓட்டி ரயிலைப் பிடித்தார். லிஃப்ட்காரர் பதில் சொல்லப் படம் வரைந்து எடுத்து வந்தார், பையில் போல்ட்டுகள் கொண்டு வந்தார். சர்க்கரைக்கு மாதம் ஒரு தடவை வரும் பெரியவர், கதை கேட்கத் தினமும் வந்து பெஞ்சில் இடம் பிடித்தார்.

ஆறாம் நாள்தான் வினை. அன்றைய கதையில் சித்தப்பா எல்லா மாடிப் பொத்தானையும் மூக்காலேயே அழுத்தினார். குழம்பிப்போன லிஃப்ட் மொட்டைமாடியைப் பிய்த்துக்கொண்டு மேலே போய்க்கொண்டே இருந்தது. வழியில் ஒரு புறா எட்டிப் பார்த்து, "எந்த மாடி சார்?" என்றது. லிஃப்ட்காரர் வெடித்துச் சிரித்தார். பெரியவர் பெஞ்சிலிருந்து சரிந்தார். அவர் வாய் காலியாக இருந்ததைப் பார்த்து, வானொலி சிரித்த கண்ணோடு நேரத்தை எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போனாள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு டாக்டரம்மா தாளைப் பார்த்தார். "ஆரம்பிச்சது ஒம்பது பத்து, கரைஞ்சது ஒம்பது பதிமூணு. மூணு நிமிஷத்துலயா?"

வானொலி தாளை வாங்கித் தன் கையெழுத்தையே திரும்பப் படித்தாள். "சிரிக்கும்போது முழுங்கியிருக்கார்."

"மருந்து ஏறாம இந்நேரம் அவர் உடம்பை முறுக்கிப் போட்டிருக்கும். கூப்பிடு."

போன் நாலாவது தடவை அடித்தபோது லிஃப்ட்காரர் எடுத்தார். குரல் கம்மியிருந்தது. "சொல்லலாம்னுதான் நெனச்சேம்மா. மாத்திரைய ஒளிச்சு வச்சு வெளிய விக்கிறேன்னு நெனச்சுட்டீங்கன்னா?"

"இப்ப எங்க இருக்கீங்க?"

"வீட்லதான். எதிர்ல பழசு ரெண்டு இருக்கு."

அறிவுரை, கெஞ்சல், மிரட்டல், சித்தப்பா, எல்லாம் ஒன்றாக அவள் தொண்டைக்கு ஏறின. எல்லாவற்றையும் அமுக்கிவிட்டுச் சொன்னாள்: "தப்பு என்னோடது. உங்க மேல யாருக்கும் சந்தேகம் இல்ல. கிளம்பி வாங்க, மறுபடி வச்சுக்கலாம். வர்ற வழியில ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்த பிரேக்கு எப்படிக் கடிக்குது? எனக்கு இன்னும் புரியல."

பிறகு அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. அப்புறம், "மேல ஒரு சக்கரம் இருக்கும்மா," என்றார். "லிஃப்ட் கூட எப்பவும் சுத்திக்கிட்டே இருக்கும். வேகம் அளவு தாண்டினா அதுக்குத்தான் முதல்ல தெரியும்." கதவு பூட்டும் சத்தம். படிக்கட்டு. "தெரிஞ்சதும் அது நின்னுடும். அது நின்னா..." தும்மல். பஸ் ஹாரன். யாரையோ "நகருங்க சார்" என்றார். இருபத்தேழு நிமிடம் ஒரே மூச்சாகச் சொன்னார். வானொலி 'ம்' கூடப் போடவில்லை. பயந்துபோய் டாக்டரம்மா அவள் கையைப் பிடித்து நாடி பார்த்தார். கடைசியில், "...அப்படியே ரெயிலக் கவ்விக்கும், புரியுதா?" என்ற குரல் போனிலும் வாசலிலும் சேர்ந்து கேட்டது.

வியர்த்து நனைந்திருந்தார். பழைய மாத்திரை இரண்டையும் காகிதத்தில் மடித்து மேஜையில் வைத்தார். டாக்டரம்மா அவரைச் சோதித்துவிட்டுத் தலையசைத்தார். வானொலி மருந்தை நாக்குக்கு அடியில் வைத்துவிட்டு, நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். இன்றைக்கு ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று சத்தியம்.

மின்விசிறி சுற்றியது. ஐந்து நிமிடம் போனது, ஆறு போனது. காலையிலிருந்து வீட்டுக்கே போகாமல் பெஞ்சில் இருந்த பெரியவர் பொறுத்துப் பார்த்தார். பிறகு பக்கத்து ஆளிடம் ரகசியமாக, ஊருக்கே கேட்கும்படி, விசாரித்தார்.

"ஏன் இவ்ளோ அமைதியா இருக்கு? அந்தச் சித்தப்பா செத்துட்டாரா?"

வானொலியின் தோள் குலுங்கியது. லிஃப்ட்காரரின் தோளும் குலுங்கியது. அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்தினார், போதாமல் வானொலியின் கையையும் இழுத்து மேலே வைத்து அழுத்தினார். கண்ணில் தண்ணீர் கொட்டியது, காது சிவந்தது, வானொலியின் நாற்காலி ஆடிக்கொண்டே நகர்ந்து சுவரில் முட்டியது. மாத்திரையை மட்டும் விடவில்லை.