சூரியகாந்தியில் சோதித்த லென்ஸ்

அந்த லென்ஸைக் கையில் எடுத்தாலே எனக்கு இன்றைக்கும் அருவருப்பு வருகிறது. அதைவிட அதிகமாக என்மேலேயே வருகிறது.

தென்காசியில் கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்கிறவன் நான். என்னிடம் நல்ல லென்ஸ் இரண்டு இருந்தன, கிட்டத்துக்கு ஒன்று, தூரத்துக்கு ஒன்று. இரண்டும் மங்கலான வெளிச்சத்திலும் ஏமாற்றாதவை. ஆனால் சீசன் வந்துவிட்டால் ஜோடிகளுக்குக் குற்றாலத்தில் நின்று படம் எடுத்தாக வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கும் ஷாம்பூ உறையும் மிதக்கிற தண்ணீருக்குப் பக்கத்தில், கண்டவன் தலையை உதறுகிற ஈரத்தில், கேமராவைத் திறந்து லென்ஸ் மாற்ற வேண்டும். ஒரு வருஷம் கண்ணாடிக்குள் பூஞ்சை படர்ந்துவிட்டது. வெறுத்துப்போய், சுத்தம் செய்த கையோடு இரண்டையும் விற்றுத் தள்ளிவிட்டு, கிட்டத்துக்கும் தூரத்துக்கும் சேர்த்து இருபத்தெட்டு மில்லிமீட்டரிலிருந்து முந்நூறு வரை போகிற ஒரே லென்ஸை வாங்கினேன். இனி எதையும் கழற்ற வேண்டாம், மாட்ட வேண்டாம்.

எங்கள் பக்கத்தில் எவன் லென்ஸ் வாங்கினாலும் முதல் படம் சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்திதான். நானும் போனேன். செல்ஃபி எடுக்க வந்த கூட்டம் பூவின் கழுத்தை முறித்துப் போட்டிருந்தது. அதையெல்லாம் தாண்டி, சுள்ளென்ற வெயிலில் தூரத்துப் பூ ஒன்றை இழுத்து எடுத்தேன். தேனீயின் கால் வரைக்கும் தெரிந்தது. அந்த வெயிலில் சோடா பாட்டில் அடியை வைத்து எடுத்தாலும் படம் வரும் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு நிக்காஹ். பெண்ணின் வாப்பா வளைகுடாவில் இருந்தார், லீவு கிடைக்கவில்லை. என்னைப் போனில் கூப்பிட்டார்.

“தம்பி, வீடியோ கால்ல எல்லாம் கட்டம் கட்டமாத்தான் தெரியுது. கருகமணி கெட்டும்போது எம் மவ மொகம் எப்படி இருக்குன்னு பாக்கணும். அந்த ஒரு படம் போதும். பெருசாப் போட்டு ரூம்ல மாட்டிக்கிடுதேன்.”

“கவலப்படாதீய பாய். அங்கன நின்னு பாத்த மாரி எடுத்துத் தாரேன்” என்றேன். என்ன ஒரு திமிர்!

பெண்கள் பக்கம் ஆண்கள் போக முடியாது. திரையை ஓரமாக ஒதுக்கி, வாசலில் நிற்க விட்டதே பெரிய காரியம். நாற்பது அடி தூரம், நடுவில் நாலைந்து டியூப் லைட். ஃபிளாஷ் அடித்தால் இடையில் நிற்பவர்களின் முதுகுதான் வெளுத்தது. முந்நூறுக்கு இழுத்தேன். அந்தத் தூரத்துக்குப் போனதும் லென்ஸின் வாய் சுருங்கிவிட்டது. பழைய லென்ஸ் வாங்குகிற வெளிச்சத்தில் கால் பங்குதான் உள்ளே வந்தது. தாலி மாதிரியான அந்தக் கருகமணியை மாமியார் கட்டினார். அந்தப் பெண் ஒரே ஒரு தரம் நிமிர்ந்தாள், கண் நிறைய நீர். விடாமல் அமுக்கினேன்.

எடுத்த படங்களைப் பார்த்தால் எல்லாம் களி. மூக்கு எங்கே, கண் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா!

லென்ஸைத் திட்டினால் ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். தூரம் கூடினால் வெளிச்சம் குறையும் என்று அதன் வளையத்திலேயே எண் போட்டிருக்கிறது. எனக்கு அதைப் படிக்கத் தெரியும். சோம்பேறித்தனத்தில் படிக்காதவனாக இருந்துகொண்டேன்.

அதோடு விட்டேனா? முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, படத்தைச் சரிசெய்கிற ஏஐ மென்பொருளில் போட்டேன். அது இல்லாத இமை முடியை ஒவ்வொன்றாக நட்டது. கன்னத்தை மெழுகியது. கண்ணில் நின்ற நீரை அழுக்கென்று நினைத்துத் துடைத்தே விட்டது. பளிச்சென்று இருந்த அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் பாய்க்கு அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் அவருடைய குரல் பதிவு வந்தது.

“தம்பி, படம் நல்ல தெளிவா இருக்கு. ஆனா இது எம் மவ இல்லியே. வேற கல்யாணத்துப் படத்த மாத்தி அனுப்பிட்டிய போல. ஒண்ணும் அவசரமில்ல. எம் மவ படத்தத் தேடி எடுத்து அனுப்புங்க.”

“ஆமா பாய், மாறிப் போச்சு” என்று பதில் போட்டேன்.