வெஸ்ட் கோஸ்ட்டில் ஒரு வால்நட்சத்திரமும் ஷோபனாவின் பல்சரும்

சிங்கப்பூருக்கு டிக்கெட் எடுத்த பிறகுதான் அந்தச் செய்தி கண்ணில் பட்டது. சூரியனைச் சுற்றிவிட்டுத் திரும்பும் வால்நட்சத்திரம் ஒன்று, அக்டோபர் நடுவில் மாலை வேளைகளில் மேற்கே தாழ்வாகத் தெரியுமாம். நான் நெல்லையில் பள்ளி ஒன்றில் இயற்பியல் நடத்துகிறேன். துணிகளைக் குறைத்துவிட்டுப் பைனாகுலரைப் பெட்டியில் வைத்தேன். தங்கியது ஜாலான் புசாரில், இரும்புச் சாமான் கடைக்கு மேலே ஒரு சின்ன ஓட்டலில். ஓர் இரவுக்குத் தொண்ணூறு வெள்ளி; சிங்கப்பூர் டாலரை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். ஜன்னலைத் திறந்தால் எதிர்ச்சுவர்தான் தெரியும். வானம் பார்க்க வருகிறவர்கள் அறையிலிருந்தே பார்த்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம்.

என் சித்தி மகள் ஷோபனா பக்கத்திலேயே ஃபேரர் பார்க்கில் இருக்கிறாள். பிறந்து வளர்ந்தது அங்கேதான். பல்கலைக்கழகம் ஒன்றில் பல்சர் தேடுவது அவள் வேலை. செத்துப்போன நட்சத்திரத்தின் மிச்சம் ஒன்று வேகமாகச் சுழல்கிறது. கலங்கரை விளக்கத்தின் வெளிச்சம் போல அதன் ரேடியோ அலை விட்டுவிட்டு நம் பக்கம் வந்து போகிறது. அதுதான் பல்சர். பழைய பதிவுகளைத் துழாவியபோது, யாரும் இதுவரை சொல்லாத ஒரு துடிப்பு அவளுக்குக் கிடைத்திருந்தது. அது உண்மைதானா என்று சோதிக்க, வெளிநாட்டு ரேடியோ தொலைநோக்கி ஒன்று அந்த வாரம் அதே திசையைப் பார்க்கப்போகிறது. டிசம்பரில் அவளுடைய வேலை ஒப்பந்தம் முடிகிறது. வீட்டில் உட்கார முடியாமல் என்னோடு கிளம்பிவிட்டாள்.

முதல் நாள் செம்பவாங் கடற்கரைப் பூங்காவுக்குப் போனோம். ரயில், பிறகு பஸ். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது, ஆளுக்கு இரண்டு வெள்ளிக்கு மேல். கப்பல் பட்டறைப் பக்கம் வானம் திறந்திருக்கும் என்பது ஷோபனாவின் கணக்கு. போய்ப் பார்த்தால் மேற்கை மரங்கள் மறைத்திருந்தன. தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர், “எதைம்மா தேடுறீங்க?” என்றார். சொன்னோம்.

“இது வடக்கு லா. எதிர்ல தெரியறது ஜொகூர், மலேசியா. வெஸ்ட் கோஸ்ட் போங்க.” சிங்கப்பூர்ப் பேச்சில் இந்த ‘லா’ எங்கும் ஒட்டிக்கொள்ளும்.

திரும்பும் வழியெல்லாம் ஷோபனா போனை எடுத்துப் பார்ப்பதும் பைக்குள் போடுவதுமாக இருந்தாள்.

மறுநாள் ஆறு மணிக்கு ஜாலான் புசாரில் டாக்சி பிடித்தோம். வெஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்கு இருபத்தாறு வெள்ளி ஆனது. ஓட்டுநர் தமிழர். வானத்தைக் காட்டி, “மேகம் நிறைய இருக்கு, பார்க்க முடியுமான்னு தெரியல” என்றார். அப்போதுதான் ஷோபனாவின் போன் அடித்தது. அவளுடைய டீம் லீடர். கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வந்துடுச்சாம் அக்கா. அதே பல்ஸ்.”

“அப்ப முடிஞ்சதா?”

“இல்ல, இன்னும் ஒரு செக் இருக்கு. டெலஸ்கோப்பை வேற பக்கம் திருப்புவாங்க. அங்க வரக்கூடாது. வந்தா, அது நட்சத்திரமே இல்ல. பூமியில ஏதோ மெஷின் போடுற சத்தம்.”

“வராதும்மா” என்றார் ஓட்டுநர், கண்ணாடியில் அவளைப் பார்த்து.

ஏழு மணிக்குச் சற்று முன்பு சூரியன் மறைந்தது. கடலோரத்தில் நடந்தோம், நின்றோம், மேகத்தில் இடைவெளி தெரியும் பக்கமெல்லாம் நகர்ந்தோம். அரை மணி கழித்து, துறைமுகப் பாரந்தூக்கிகளுக்கு மேலே ஒரு துண்டு வானம் திறந்தது. வெறுங்கண்ணுக்கு ஒன்றுமில்லை. பைனாகுலரில் மங்கலான ஒரு புள்ளி. அதிலிருந்து மேல்நோக்கி, விரலால் இழுத்துவிட்டது போல ஒரு வெண்கோடு. “ஷோபனா, வா” என்றேன்.

அவள் வரவில்லை. போனைப் பார்த்தபடி நின்றாள்.

“எல்லாப் பக்கமும் வருதாம்” என்றாள்.

பைனாகுலரை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். கண்ணில் வைத்து மேற்கே திருப்பினாள். தோள் ஒருமுறை குலுங்கியது.

“இது நிஜமா அங்கதான இருக்கு?” என்றாள்.

“அங்கதான் இருக்கு.”

மேகம் மூடும்வரை அவளே வைத்திருந்தாள். நான் திரும்பக் கேட்கவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: செம்பவாங் வேண்டாம், நேராக வெஸ்ட் கோஸ்ட் போங்கள். சூரியன் மறைவதற்கு முன்பே இடம் பிடியுங்கள்; மறைந்து முக்கால் மணிக்குள் எல்லாம் முடிந்துவிடும். பைனாகுலரும் கொசு மருந்தும் அவசியம். குறைந்தது இரண்டு மாலைகளாவது ஒதுக்குங்கள், அப்படியும் தெரியாமல் போகலாம். வானம் நாம் எடுத்த லீவைப் பார்த்துத் திறப்பதில்லை.

ஊர் திரும்பிய வாரம் ஷோபனாவை அழைத்தேன். பழைய பதிவுகளில் வேறொரு துடிப்பு சிக்கியிருக்கிறதாம். தொலைநோக்கி நேரம் கேட்டு எழுதியிருக்கிறாளாம்.

“டிசம்பருக்குள்ள தருவாங்களா?” என்றேன்.

“தரலன்னா ஜனவரியில கேப்பேன்” என்றாள்.

“ஜனவரியில நீ எங்க இருப்பே?”

“அது தெரியல லா.”

அவளுக்குப் பின்னால் யாரோ விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. “சரி அக்கா, வேலை இருக்கு” என்று போனை வைத்தாள்.