தெருப்பக்கக் கொடியில் நீல ஓவரால்

பஸ் பணிமனையில் அவளை எல்லோரும் பிரேக் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. அவளுக்குத் தாய்மாமன்கள் மூன்று பேர். மூத்தவர் ரயில் இன்ஜினில் கரி அள்ளினார். நடுவிலானவர் சைக்கிள் கடை வைத்து, கடையால் வாங்கியதைவிட வாயால் அதிகம் பேர் வாங்கினார். கடைசி மாமன் பாதி ஆயுளை லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்தே கழித்தார். அவர் கை நீட்டும் முன்பே சரியான ஸ்பானரை எடுத்துக் கொடுத்துப் பழகியவள் அவள். அந்தக் கைதான் பின்னாளில் பஸ் சக்கரங்களைக் கழற்றி பிரேக் மாட்டியது. பணிமனையில் அந்த வேலை பார்த்த ஒரே பெண்பிள்ளை அவள்தான்.

வேலையில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. வீட்டில்தான், அதுவும் துணி துவைப்பதில்தான் எல்லாக் குறையும்.

வீட்டில் அவள், அவள் கணவர், கணவரின் அக்காள் என்று மூன்றே பேர். கணவர் பள்ளிக்கூடத்துச் சோதனைச்சாலையில் உதவியாளர். சண்டை என்றால் கண்ணாடிக் குழாயைவிடச் சீக்கிரம் உடைந்துபோகிறவர். தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்த அக்காளுக்கு அவர் இன்னும் இடுப்பிலேயே இருப்பதாக நினைப்பு. கணவனும் மனைவியும் சேர்ந்து வாங்கிய வாஷிங் மெஷின் குளியலறைக்குப் பக்கத்தில் நின்றது. முன்பக்கம் வட்டக் கண்ணாடிக் கதவு வைத்தது. வந்த அன்றே நாத்தனார் சட்டம் போட்டுவிட்டாள்.

"இது மனுஷங்க துணிக்கு. லாரி கழுவுற துணிக்கு இல்ல."

"பஸ்ஸு அண்ணி, லாரி இல்ல."

"ரெண்டுக்கும் கிரீஸ் ஒண்ணுதானே?"

அன்றிலிருந்து இரண்டு வருஷமாக சட்டையும் பேண்ட்டும் ஒன்றாகத் தைத்த அவளுடைய இரண்டு நீல ஓவரால்களும் வீட்டுக்குப் பின்னால் சிமெண்டுத் தரையில்தான் வெளுத்தன. மண்ணெண்ணெய் ஊற்றி, கட்டை பிரஷ் போட்டுத் தேய்த்து, விரல் இடுக்கெல்லாம் வெடித்துப் பிளந்தது. காயப்போடுவதும் பின்பக்கம், யார் கண்ணிலும் படாத மூலையில்.

ஒரு திங்கட்கிழமை ஃபோர்மேன் அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"அக்கா, இந்தக் கையோட பிரேக் ஆயில்ல வேலை பார்க்க விடமாட்டேன். அடுத்த திங்கக்கிழமை பார்ப்பேன். ஆறலேன்னா ஸ்டோருக்குப் போயிடுங்க."

"ஸ்டோர்ல உட்கார்ந்து போல்ட்டுக்கு பவுடர் பூசவா?"

"சிரிக்காதீங்க. நிஜமாத்தான் சொல்றேன்."

நிஜமாகத்தான் சொன்னார். அது அவளுக்கும் தெரிந்தது. மண்ணெண்ணெய் படாமல் இருந்தால் ஒரு வாரத்தில் ஆறும், பட்டால் ஆறாது. அழுக்கு ஓவராலோடு வேலைக்குப் போகவும் முடியாது. வீடு போய்ச் சேரும்வரை இதையே நினைத்துக்கொண்டு போனாள்.

வாசலில் நாத்தனார் வெள்ளைப் படுக்கை விரிப்போடு நின்றாள். விரிப்பில் சாம்பல் நிறத்தில் கோடு கோடாக இழுத்திருந்தது.

"பாரு! நான் இல்லாத நேரமா உன் கிரீஸ் துணியத் திருட்டுத்தனமாப் போட்டிருக்க. என் விரிப்பு போச்சு."

"நான் போடவே இல்ல அண்ணி."

"பின்ன, இந்தக் கறை வானத்துலேர்ந்து விழுந்துச்சா? இந்த வேலையும் வேணாம், இந்த நாத்தமும் வேணாம்னு அன்னைக்கே சொன்னேன். கேட்டியா?"

கணவர் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார். தாளுக்கு மேலே முடி மட்டும் தெரிந்தது.

அவளுக்குள் இரண்டு வருஷமாக இறுகிக்கிடந்த ஏதோ ஒரு திருகாணி அப்போது கழன்றது. "போடாமலே பழி வந்தாச்சு. இனிமே போட்டுட்டே பழியச் சுமந்துக்கிறேன்," என்றாள்.

மறுநாள் அவளுக்கு விடுப்பு, கணவரின் பள்ளிக்கூடத்துக்கும் விடுமுறை. காலையிலேயே மெஷின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். துணியைத் தொடவில்லை. முதலில் கதவைத் திறந்து, சுற்றியிருந்த ரப்பர் வளையத்தை விரலால் விரித்தாள். உள்மடிப்பில் சாம்பல் நிறக் கூழ் அப்பிக்கிடந்தது. மோந்து பார்த்தாள்.

"இது கிரீஸ் இல்ல அண்ணி. நீங்க அள்ளிக் கொட்டுற சோப்புத்தூள். தொண்டை வரைக்கும் துணியைத் திணிச்சு, கால் மணி நேர ஓட்டத்துல விட்டா எப்படிக் கரையும்? இங்க தங்கி அழுகி, உங்க விரிப்பிலேயே தேய்ஞ்சிருக்கு."

"மெக்கானிக்குன்னா எதையாவது சொல்லுவியா?"

அவள் அடியில் இருந்த சின்ன மூடியைத் திருகி வடிகட்டியை வெளியே இழுத்தாள். இரண்டு கொண்டை ஊசி, ஒரு சட்டைப் பொத்தான், ஒரு கொத்து முடி. முடி பாதி வெள்ளை, பாதி மை பூசிய கறுப்பு. வீட்டில் அப்படி முடி உள்ள ஆள் நாத்தனார் ஒருத்திதான். செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து ஒரு இருமல் வந்தது. அது இருமல்தானா என்று நாத்தனார் திரும்பிப் பார்த்தாள்.

வளையத்தைத் துடைத்த பிறகுதான் ஓவராலை எடுத்தாள். நனைக்கவில்லை. காய்ந்த துணியில், கறை இருந்த இடத்தில் மட்டும் பாத்திரம் கழுவும் திரவ சோப்பை விட்டு, பழைய பல் பிரஷால் மெதுவாகப் பூசினாள். கையில் ரப்பர் உறை. அரை மணி நேரம் ஊறவிட்டாள்.

"தண்ணி காட்டாம என்ன துவைப்பு இது?"

"தண்ணி முன்னாடி போனா எண்ணெய் வழி விடாது அண்ணி. சோப்பு முன்னாடி போகணும்."

இரண்டு ஓவராலை மட்டும் போட்டாள். டிரம் பாதிக்கு மேல் காலி.

"இவ்ளோ இடத்தை வீணாக்குறியே!"

"வீண் இல்ல. துணி மேலேர்ந்து தொப்புனு விழணும். விழுந்தாத்தான் அடி. உங்க துணி விழ இடமே இல்லாம நின்னுக்கிட்டே குளிச்சிருக்கு."

முன்துவைப்பு, அறுபது டிகிரி, நீண்ட ஓட்டம். இருபது நிமிஷம் சுற்றியதும் நிறுத்தும் பொத்தானை அமுக்கினாள். மெஷின் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. "கெடுத்துட்டா, கெடுத்துட்டா!" என்று நாத்தனார் ஓடிவந்தாள். "ஊறுது. ஒரு மணி நேரம் சும்மா விடுங்க," என்று சொல்லிவிட்டு அவள் விரலுக்கு மருந்து தடவிக்கொண்டாள். பிறகு மறுபடி ஓடவிட்டு, கடைசியில் ஒரு அலசல் கூடுதலாக வைத்தாள்.

எடுத்ததும் ஈரத்தோடு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். காய்ந்துவிட்டால் மிச்சக் கறை பூட்டுப் போட்டுக்கொள்ளும். ஒரு ஓவரால் சுத்தம். இன்னொன்றில் முழங்கால் பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நிழல். மறுபடி சோப்பு, மறுபடி ஓட்டம். நிழல் வெளுத்தது, போகவில்லை.

"போகலையே!" நாத்தனார் குரலில் ஒரு பண்டிகையே இருந்தது. "கறை இருக்கே!"

"இருக்கட்டும். அந்த முழங்கால ஊனித்தான் நானூறு பஸ்ஸுக்கு பிரேக் மாட்டியிருக்கேன். கூச்சப்பட வேண்டியது நான் இல்ல."

காலி டிரம்மைச் சுடுதண்ணீரில் ஒருமுறை ஓடவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போகாமல் நேரே வாசலுக்குப் போனாள். தெருவைப் பார்த்த கொடியில், நாத்தனாரின் சேலைக்குப் பக்கத்தில், முழங்கால் நிழல் வெளியே தெரியும்படி ஓவராலை மாட்டினாள்.

"ஊரே பார்க்குமே!"

"பார்க்கட்டும் அண்ணி. அவங்க ஏறுற பஸ்ஸுதான்."

கணவர் செய்தித்தாளை மடித்துவைத்து எழுந்து வந்தார். கீழே கிடந்த துணிக் கவ்வியை எடுத்து ஓவரால் தோளில் மாட்டினார். அக்காள் அவரைப் பார்த்த பார்வையை அவர் பார்க்காதமாதிரி இருந்துவிட்டார். அவருக்கு அதுவே பெரிய வீரம்.

திங்கட்கிழமை ஃபோர்மேன் அவள் இரண்டு கைகளையும் விளக்குக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெடிப்புகள் மூடி, புதுத்தோல் ரோஸ் நிறத்தில் இருந்தது.

"உறை போட்டுக்கிட்டுச் செய்யுங்க. மூணாவது ரிப்பேர் குழி மேல ஒரு வண்டி பிரேக்குக்கு நிக்குது," என்றார்.

அன்று சாயங்காலம் கிரீஸ் ஓவராலைப் பையில் சுருட்டிக்கொண்டு, முன்வாசல் வழியாகவே வீட்டுக்குள் வந்து, நேரே மெஷின் பக்கம் போனாள். நாத்தனார் பழந்துணியும் கையுமாக அங்கே குந்தியிருந்தாள்.

"இப்பத்தான் வளையத்தைத் தொடச்சேன். திரும்ப அழுக்காக்கிடாதே."

"ஆக்குவேன் அண்ணி," என்று பல் பிரஷைத் தேடினாள் அவள். "தொடச்சும் வைப்பேன். கொஞ்சம் நகருங்க."

நாத்தனார் முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்தாள்.