மஞ்சளுக்கு ஒரு சத்தம்

இடக்கை விரல்கள் நீல விளக்குக்கு எதிரே பொருத்திய சில்லின் கம்பியைப் பிடித்திருக்க, வலக்கை ஈயத்தை உருக்கி வைத்தது. நகக்கண்ணில் சுட்டது, கை விலகவில்லை. ஒளியை அறியும் சில்லுகளில் மிஞ்சியது இது ஒன்றுதான். மற்றவை சூட்டில் கருகிவிட்டன.

தெருவில் அவரை ரேடியோக்காரர் என்பார்கள். பழுதான பெட்டிகளைப் பிரித்துப் பிரித்தே தொழில் படித்தவர். அந்த வருடங்களில் அவருக்குச் சோறு போட்டது குடிநீர் நிலையத்தில் வேலை பார்க்கும் அக்கா. தண்ணீரில் மருந்துத் துளி விட்டு, மஞ்சள் எவ்வளவு ஏறுகிறது என்று வண்ண அட்டையோடு ஒப்பிட்டு, குளோரின் அளவைச் சொல்வது அவள் வேலை. இப்போது அவள் கண்ணுக்கு மஞ்சளும் வெள்ளையும் ஒன்றுதான். நாளைக் காலை அதிகாரி முன்னால் அளந்து காட்ட வேண்டும். எதை வைத்து அளந்தாலும் சரி, தப்பினால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்.

நீல ஒளியை மஞ்சள் நீர் விழுங்கும். விழுங்க விழுங்கச் சத்தம் உயர வேண்டும். அதுதான் கருவி. ஆனால் அது இஷ்டத்துக்குக் கத்தியது.

"ஒரே தண்ணிக்குத் தடவைக்கு ஒரு பேச்சுப் பேசுதே. உன் வளர்ப்பா?" என்றாள் எதிரே உட்கார்ந்திருந்த அக்கா.

"சும்மா இருக்கா. நானே செத்துக்கிட்டிருக்கேன்."

"முடியலன்னா சொல்லிடுடா. நான் அழமாட்டேன்."

அவர் மேசையில் தலை கவிழ்ந்தார். "எல்லாம் சரியாத்தான் இருக்கு. கண்ணாலேயே பாத்துக்கிட்டிருக்கேன்."

அவள் கருவியைத் தடவிப் பார்த்தாள். மூடியில் விரல் நின்றது. "இது என்ன ஓட்டை?"

"மஞ்சள் ஏறுதான்னு பாக்க."

"யாரு பாக்க?"

அவள் ஓட்டையை உள்ளங்கையால் பொத்தினாள். சத்தம் அசையாமல் நின்றது. ஜன்னல் வெளிச்சம் உள்ளே போயிருக்கிறது; அவர் குனிந்து பார்க்கும்போதெல்லாம் அவர் நிழலும் போயிருக்கிறது.

ஓட்டையைத் தகரம் வைத்து அடைத்தார். அட்டையிலுள்ள அளவுகளுக்கு நீர் கலந்து ஒவ்வொன்றாக வைத்தார். தெளிந்த நீரையும் கடும் மஞ்சளையும் பிரித்துச் சொன்னாள். நடுவில் தடுமாறினாள்.

"இது ரெண்டும் ஒண்ணாத்தான்டா கேக்குது."

அந்த இரண்டுக்கும் நடுவில்தான் குடிக்கலாமா கூடாதா என்பது இருந்தது. சத்தங்களின் இடைவெளியைக் கூட்டும் திருகை அவர் கால் சுற்றுத் திருப்பினார். இன்னும் கொஞ்சம். அதற்குமேல் திருகு போகவில்லை.

"இப்ப?"

நெடுநேரம் கேட்டாள். "மயிரிழை வித்தியாசம் இருக்கு."

"அது போதுமாக்கா?"

"போதணும். குடு."

அவர் மூடியை முடுக்கி, கருவியை அவள் இரண்டு கைகளிலும் வைத்தார்.